காண்ட்ராக்ட்ஸ் சோமசுந்தரம் கொடுத்த ரேட்டு

நெய்வேலியில் முப்பத்து நாலு வருஷம் நான் பார்த்த வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். யார் என்ன விலை சொன்னாலும் 'அதிகம்' என்று எழுதுவது. கம்பெனியின் காண்ட்ராக்ட்ஸ் பிரிவில் அதற்குப் பேச்சுவார்த்தை என்று மரியாதையான பெயர் உண்டு. பைப் போட வந்தவர், பெயின்ட் அடிக்க வந்தவர், சுரங்கத்துக்குப் பம்பு கொடுக்க வந்தவர் எல்லோரும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டு எழுந்து போகும்போது இரண்டு சுற்று இளைத்திருப்பார்கள். ஒருவர் உள்ளே வரும்போது தலை கறுப்பாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போகும்போது வெளுத்திருந்தது. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

என் ஆயுதம் மௌனம். எதிராளி விலையைச் சொன்னதும் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஃபேன் சுற்றும். அவர் தொண்டையைச் செருமுவார். நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டுவேன். "வேணும்னா ஒரு அஞ்சு பர்சென்ட் குறைச்சுக்கலாம் சார்" என்பார். நான் ஜன்னலுக்கு வெளியே தெரியும் வேப்பமரத்தைப் பார்ப்பேன். "சரி, எட்டு சார்." வேப்பமரம். "பத்து சார், அதுக்கு மேல என்னால முடியாது." இப்படித் தன்னோடு தானே பேரம் பேசித் தானே தோற்றுப் போவார். நான் செய்ததெல்லாம் மரத்தைப் பார்த்தது மட்டும்தான். அதற்குத்தான் சம்பளம், பஞ்சப்படி, போனஸ், வருஷா வருஷம் இன்கிரிமென்ட்.

இந்த ஊரில் ரிட்டயர் ஆவது சுலபம். ஒரு மாலை, ஒரு கேக், நாலு பேர் பேச்சு, முடிந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்வதுதான் பிரசவம். முப்பது வருஷத்துக்கு முன்னால் உள்ளே நுழைந்தபோது எத்தனை ஃபேன், எத்தனை குழாய், எத்தனை தாழ்ப்பாள் இருந்தன என்று ஒரு பட்டியல் இருக்கும். அத்தனையும் அப்படியே இருக்க வேண்டும். நாமாகப் போட்ட ஷெட், கொட்டகை, கிரில் எதுவும் இருக்கக் கூடாது. ஆள் வந்து பார்த்து, தலையாட்டி, சர்ட்டிஃபிகேட் கொடுத்தால்தான் வரவேண்டிய பணம் முழுசாக வரும். கெடு தாண்டினால் அபராத வாடகை. கெடுவுக்கு முந்தின வாரம் பிளாக் பிளாக்காகப் போய்ப் பாருங்கள். மலைபோல இருந்த அதிகாரிகள் லுங்கியைக் கட்டிக்கொண்டு, காணாமல் போன ஒரு தாழ்ப்பாளுக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கண்ணீரைத் துடைக்க ஒருத்தி இருக்கிறாள். பெயர் அருள்மொழி. பக்கத்துக் கிராமம். நாற்பதைத் தொடவில்லை. நகரியப் பராமரிப்பில் எட்டு வருஷம் காண்ட்ராக்ட் லேபராக இருந்தவள். எந்த வகைக் குவார்ட்டர்ஸில் எந்தக் குழாய் இருக்க வேண்டும், பார்க்க வருகிறவர் முதலில் எந்தக் கதவைத் திறப்பார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வேலையை விட்டுவிட்டு, தன்னோடு பெருக்கிக்கொண்டிருந்த நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு சொந்தமாக இறங்கினாள். மூட்டை கட்டுவது, பரணை இறக்குவது, ஷெட்டைப் பிரிப்பது, உடைந்ததை மாற்றுவது, பார்க்க வருகிறவரோடு கூடவே நின்று சாவியை ஒப்படைப்பது வரை எல்லாம் அவள் பொறுப்பு. மூன்று நாள். எங்கள் மாதிரிக் குவார்ட்டர்ஸுக்கு இருபத்திரண்டாயிரம். லேமினேஷன் செய்த ஒரு அட்டையில் அச்சடித்து வைத்திருக்கிறாள்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் அச்சடித்த விலையைக் காட்டுவது எவ்வளவு பெரிய அராஜகம் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வீடு கம்பெனி வீடு. கரண்டு பில் பார்த்தால் பண்ருட்டிக்காரன் பொறாமையில் படுத்துவிடுவான். தலைவலித்தால் கம்பெனி ஆஸ்பத்திரி. விலை என்கிற சங்கதியே எங்களுக்கு அறுபது வயதில்தான் அறிமுகமாகிறது. அறிமுகமானதும் நாங்கள் அதனோடு சண்டை போடுகிறோம்.

நானும் போட்டேன். போன வருஷம் என் குவார்ட்டர்ஸ் ஹாலில், அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, என் குரலை அதன் உச்சபட்ச கம்பீரத்துக்குக் கொண்டுபோய், "பத்தாயிரம்" என்றேன்.

அருள்மொழி ஒன்றும் பேசவில்லை.

ஃபேன் சுற்றியது. அவள் என் மனைவி தனபாக்கியம் ஜன்னலில் காய வைத்திருந்த மாவடு ஜாடியைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமினேன். "சரி, பன்னெண்டு வச்சுக்க." மாவடு. "நம்ம பக்கத்துப் பொண்ணுங்கறதால பதினஞ்சு." அந்த ஜாடியில் அப்படி என்னதான் இருந்ததோ. "பதினெட்டுக்கு மேல ஒரு பைசா கிடையாதும்மா." சமையலறையில் தனபாக்கியம் சிரிப்பை அடக்குவதற்காகக் குக்கர் மூடியைத் தட்டுவது கேட்டது. இருபத்திரண்டு என்று சொல்லி முடித்தபோதுதான், எதிரில் இருந்தவள் வாயையே திறக்கவில்லை என்பது என் மூளையில் உறைத்தது.

"சரிங்க சார்" என்றாள் அருள்மொழி. "ஊஞ்சலைக் கழட்டி புது வூட்ல மாட்டணும்னா அதுக்குத் தனியா ஆயிரத்து எரநூறு. அட்டைக்குப் பின்னால இருக்குதுங்க."

கொடுத்தேன். மொத்தம் இருபத்து மூவாயிரத்து இருநூறு. வேலை என்று சொன்னால் அதுதான் வேலை. மூன்றாம் நாள் சாயங்காலம் சர்ட்டிஃபிகேட் என் கையில் இருந்தது, ஊஞ்சல் வடக்குத்து பக்கத்தில் நான் கட்டியிருக்கும் சொந்த வீட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

எல்லாம் சரி, வெளியே என்ன சொல்வது? காண்ட்ராக்ட்ஸ் சோமசுந்தரம் சொன்ன விலைக்கு வாங்கினான் என்று தெரிந்தால் நான் இளைக்க வைத்த காண்ட்ராக்டர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து டவுன்ஷிப்பில் வெடி வெடிப்பார்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "யாராவது கேட்டா பதிமூணாயிரத்து ஐந்நூறுன்னு சொல்லும்மா" என்றேன்.

"பொய் சொல்ல மாட்டேன் சார். உங்க ரேட்ட வேற வூட்ல போய்ப் பேசவும் மாட்டேன். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

என் இஷ்டம் என்று விட்டுவிட்டால் நான் சும்மா இருப்பேனா? காலை நடைக்கு வருகிற கூட்டம் முழுவதிலும் சொன்னேன். முதல் நாள் வெறும் பதிமூன்றரை என்றுதான் சொன்னேன். ஒரு வாரத்தில் அது முப்பத்தெட்டு புள்ளி ஆறு சதவீதக் குறைப்பு ஆயிற்று. ஒரு மாதத்தில் அருள்மொழி அழுதாள், நான் இளகவில்லை, கடைசியில் அவளே 'உங்கள மாதிரி ஒரு ஆபீசரைப் பார்த்ததில்ல சார்' என்று கும்பிட்டுவிட்டுப் போனாள் என்கிற கட்டம் வரைக்கும் வந்துவிட்டது. எனக்கே அந்தக் காட்சி பார்த்த மாதிரி இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ராஜாங்கமும் இருந்தார். சுரங்க ஸ்டோர்ஸ். எதையும் எறியத் தெரியாத மனிதர். இந்த வருஷம் ரிட்டயர் ஆனார். பத்தொன்பதாம் பிளாக்கில் அவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய கெடு முப்பத்தொன்றாம் தேதி. இருபத்திரண்டாம் தேதி அவர் எனக்கு ஃபோன் செய்தார்.

"சோமு, அருள்மொழியை வரச் சொல்லியிருக்கேன். நெகோஷியேஷன் கமிட்டி போடறேன். நீ சேர்மன். ஃபைனான்ஸுக்குத் தமயந்தி மேடம்."

தமயந்தி மேடம் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு ரூபாய் இடித்தால் இரண்டு கோடி ஃபைலையும் திருப்பி அனுப்பியவர் என்று புகழ் பெற்றவர். அது இரண்டு ரூபாய் இல்லை, ஐம்பது காசு என்பது என் நினைவு.

ராஜாங்கம் வீட்டு ஹாலில் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு மூவரும் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ராஜாங்கத்தின் மனைவி அமிர்தம் எல்லோருக்கும் மோர் கொடுத்துவிட்டு, "ஒரு பொம்பளகிட்ட வீட்டைக் காலி பண்ணச் சொல்ல மூணு பேரு" என்று முனகிக்கொண்டே உள்ளே போனார். அருள்மொழி வந்தாள். அவளோடு அவள் குழுவின் மூத்த உறுப்பினரான பாப்பாவும் வந்தாள். பாப்பாவுக்கு ஐம்பத்தாறு வயது. அட்டை மேசைக்கு வந்தது.

"ரேட் அனாலிசிஸ் எங்க?" என்றார் தமயந்தி மேடம்.

"அப்படின்னா?"

"இருபத்திரண்டாயிரம் எப்படி வந்துது? ஆள் கூலி எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு நிக்குது, எல்லாம் பிரிச்சு எழுதிக் கொடு."

"மேடம், ஓட்டல்ல இட்லி துன்னா உளுந்து எவ்ளோ, அரிசி எவ்ளோன்னு கேப்பீங்களா?"

"கேப்பேன்" என்றார் மேடம்.

கேட்பார். எனக்குத் தெரியும். அதனால்தான் டவுன்ஷிப்பில் அவருக்குப் பரிமாற சர்வர்கள் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள்.

ராஜாங்கம் மேசையைத் தட்டினார். "அதெல்லாம் விடு. எல்.பி.ஆர். என்ன?"

கடைசியாக வாங்கிய விலை என்பதன் சுருக்கம் அது. எங்கள் ஊரில் எந்தப் பொருளுக்கும் உண்மையான விலை கிடையாது. முன்னால் ஒருவன் என்ன கொடுத்தானோ அதுதான் விலை. கம்பெனியில் ஒருவருக்கு ஒரு சலுகை கிடைத்தால், அடுத்த நாள் காலை 'அவருக்குக் கொடுத்தீங்களே' என்று வாசலில் நானூறு பேர் நிற்போம். இந்த ஊரை நிலக்கரி ஓட்டுகிறது என்று நினைப்பவர்கள் அப்பாவிகள். 'அவருக்குக் கொடுத்தீங்களே' தான் ஓட்டுகிறது.

"எல்.பி.ஆர். பதிமூணு ஐந்நூறு. இதோ சேர்மனே உட்கார்ந்திருக்கார். சாருக்குச் செஞ்ச ரேட்டை எனக்கும் போடு."

அருள்மொழி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரில் ராகுகாலம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வூட்டு ரேட்ட இன்னொரு வூட்ல பேசறதில்லைங்க" என்றாள். "எல்லாருக்கும் அட்டையில இருக்கறதுதாங்க. ரேட்டு கொறையாது. வேலைய வேணா கொறைச்சிக்கலாம். எது வேணாமோ சொல்லுங்க, அதுக்கு உண்டான காசு கழிஞ்சிடும்."

வெட்டலாம் என்று எங்களிடம் சொல்வது ஆட்டுக் கூட்டத்திடம் கீரைப் பாத்தியைக் காட்டுவது போல. மூன்று பேனாக்கள் ஒரே நேரத்தில் திறந்தன. பரண் இறக்குவது வேண்டாம், மூவாயிரத்து ஐந்நூறு போயிற்று. ஷெட் பிரிப்பது வேண்டாம், இரண்டாயிரத்து ஐந்நூறு. குழாய், தாழ்ப்பாள் மாற்றுவது வேண்டாம், ஆயிரத்து ஐந்நூறு. பார்க்க வருகிறவரோடு கூட நிற்பது வேண்டாம், ஆயிரம். தமயந்தி மேடம் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டிப் பார்த்தார்.

"பதிமூணாயிரத்து ஐந்நூறு!"

ராஜாங்கம் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். மைன்ஸில் முதல் கரி எடுத்த அன்றைக்குக்கூட அப்படிக் கொண்டாடியிருக்க மாட்டார்கள். அருள்மொழி எது எது வேண்டாம் என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாப்பா மட்டும் மேலே பரணைப் பார்த்தாள், பிறகு ராஜாங்கத்தை மேலிருந்து கீழே பார்த்தாள், பிறகு ஏதோ வேண்டிக்கொள்வது போலக் கண்ணை மூடினாள்.

அடுத்த ஐந்து நாட்களை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். தினமும் வடக்குத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து வேடிக்கை பார்த்தேன். ராஜாங்கம் வீட்டுப் பரணில் இருந்ததை வைத்து இன்னொரு நெய்வேலி கட்டலாம், ரயில்வே ஸ்டேஷனோடு. கைப்பிடி இல்லாத குக்கர் பதினேழு. ஓடாத டேபிள் ஃபேன் நாலு. மூன்று ஃபேன்களைச் சேர்த்து ஒன்று ஆக்கலாம் என்று காத்திருந்திருக்கிறார், அதற்குள் நாலாவது வந்து சேர்ந்துவிட்டது. அவர் மகள் ஹரிணி ஆறாம் வகுப்பில் தெர்மகோலில் செய்த அனல்மின் நிலையம், மூன்று புகைபோக்கிகளோடு. ஹரிணிக்கே இப்போது ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான்.

இரண்டாம் நாள் ஸ்டூலில் ஏறி அவர் ஒரு சாக்கை இழுத்தார். அனல்மின் நிலையம் முழுவதுமாக அவர் தலையில் விழுந்தது. தலையில் பவர் பிளான்ட் விழுந்தும் உயிரோடு இருக்கிற ஒரே ஊழியர் என்று கம்பெனி அவருக்கு ஒரு மெடல் கொடுத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் ஷெட். தகரத்தைப் பிரிக்கப் போய்த் தகரம் அவரைப் பிரித்தது. இடது கையில் நாலு தையல். நாலாம் நாள் தாழ்ப்பாள் வாங்கக் கடைக்குப் போனார், அளவு மாறியது. மறுபடி போனார், மறுபடி மாறியது. மூன்றாவது தடவை கடைக்காரர் அவருக்கு டீ சொல்லிவிட்டார். ஐந்தாம் நாள், அதாவது இருபத்தெட்டாம் தேதி, பார்க்க வேண்டியவர் வந்து பார்த்தார். பட்டியலைப் பிரித்துப் படித்துக்கொண்டே நடந்தார். கூட யாரும் நின்று பதில் சொல்லவில்லை. ராஜாங்கம் பாதி பிரித்த ஷெட்டுக்கு முன்னால் அதை உடம்பால் மறைக்கப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினொரு குறை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் போய்விட்டார். கெடுவுக்கு மூன்று நாள்.

அமிர்தம் அன்று சாப்பாடு போடவில்லை என்று கேள்வி. மோர்கூட இல்லை.

இருபத்தொன்பதாம் தேதி காலை கமிட்டி மறுபடி கூடியது. இந்தத் தடவை மேசையைச் சுற்றிலும் குக்கர்கள். தன் பங்குக்கு உண்டான மூட்டைகளை எல்லாம் நேர்த்தியாகக் கட்டி வாசலில் அடுக்கிவிட்டு, அருள்மொழி அதே பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"விட்ட வேலையையும் செஞ்சு குடுத்துடும்மா" என்றார் ராஜாங்கம். கையில் கட்டு, நெற்றியில் பிளாஸ்திரி.

"செய்யறோம் சார். எட்டாயிரத்து ஐந்நூறு. அட்டையில உள்ளது."

"அதான் நடக்காது. சோமசுந்தரத்துக்கு எல்லாம் சேர்த்துப் பதிமூணரைக்குச் செஞ்சிருக்க. ஊஞ்சலோட! எனக்கும் அதே பதிமூணரைக்கு எல்லாத்தையும் முடி."

"ரேட்டு எல்லாருக்கும் ஒண்ணுதாங்க."

"ஒண்ணுன்னா அவருக்கு ஏன் குறைச்ச?"

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள்.

ராஜாங்கம் ஃபோனை எடுத்தார். "இந்த வருஷம் ரிட்டயர் ஆகறவங்க குரூப்ல நூத்தி நாப்பது பேர் இருக்கோம். இதோ டைப் பண்ணியாச்சு. படிக்கறேன் கேளு. 'அருள்மொழி ஆளைப் பார்த்து ரேட்டு போடுகிறாள். காண்ட்ராக்ட்ஸ் ஆபீசருக்குப் பதிமூன்றரை, ஸ்டோர்ஸ்காரனுக்கு இருபத்திரண்டு. இனி யாரும் பதிமூன்றரைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.' அனுப்பட்டுமா?"

ஆளுக்கொரு ரேட்டு என்பதுதான் இந்த ஊரில் மன்னிக்கவே முடியாத குற்றம். கொலை செய்தவனோடுகூட ஒரே கேன்டீனில் சாப்பிடுவோம், கிரேடு மாற்றிச் சம்பளம் வாங்கியவனோடு மாட்டோம். அருள்மொழிக்கு அடுத்த மூன்று மாதத்துக்குப் பதினொரு வீடு பேசியிருந்தது. அந்த மெசேஜ் போனால் பதினொரு வீடும் பதிமூன்றரை கேட்கும். அந்தக் காசுக்கு நாலு வீடு செய்தால் ஐந்தாவது வீட்டுக்கு வண்டி பிடிக்க முடியாது. பாப்பா பழையபடி ஏதாவது காண்ட்ராக்டரிடம் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பாப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அருள்மொழி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'இவரு முழு காசும் குடுத்தாரு.' சொல்லவில்லை. "அனுப்பறதுன்னா அனுப்புங்க சார். ரேட்டு அதாங்க" என்றாள்.

ராஜாங்கத்தின் கட்டை விரல் கீழே இறங்கியது.

"இருய்யா" என்றேன். "ஒரு கரிஜெண்டம்."

கரிஜெண்டம் என்பது டெண்டரில் தப்பாக அச்சாகிவிட்டதைத் திருத்தி வெளியிடும் அறிவிப்பு. முப்பத்து நாலு வருஷத்தில் முந்நூறு போட்டிருப்பேன். ஒன்றுகூட என்னைப் பற்றியது இல்லை.

"என்ன கரிஜெண்டம்?"

"பதிமூன்றரை என்பதை இருபத்து மூவாயிரத்து இருநூறு என்று திருத்தி வாசிக்கவும்."

கமிட்டி என்னைப் பார்த்தது. பிறகு ராஜாங்கம் சிரித்தார். "சோமு, அந்தப் பொண்ணு மேல பாவம் பார்க்கறியா? நீயா? நீ முழு ரேட்டு குடுத்தியா? மேடம், கேட்டீங்களா?"

"நம்பற மாதிரி இல்லை" என்றார் தமயந்தி மேடம். "கமிஷன் ஏதாவது பேசியிருக்கீங்களா சோமசுந்தரம்?"

இதைக் கேளுங்கள். ஒரு வருஷமாகப் பொய் சொன்னேன், ஊரே நம்பியது. முதல் தடவையாக உண்மை சொல்கிறேன், விஜிலென்ஸ் கேஸ் போடப் பார்க்கிறார்கள்.

"சத்தியமா குடுத்தேன்."

"டாக்குமென்ட் இருக்கா?" என்றார் மேடம்.

இருந்தது. அதுதான் என் தலையெழுத்து. காண்ட்ராக்ட்ஸ்காரன் புத்தி, குவார்ட்டர்ஸ் காலி செய்ததற்கே ஒரு ஃபைல் போட்டு, பில்லைப் பஞ்ச் செய்து கோத்து வைத்திருந்தேன். தனபாக்கியத்துக்கு ஃபோன் செய்தேன். "அந்தப் பச்சை ஃபைலைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் ஃபோன் வைக்கப்பட்டது. வடக்குத்திலிருந்து பத்தொன்பதாம் பிளாக்குக்கு ஸ்கூட்டியில் கால் மணி நேரம். அவள் ஆறு நிமிஷத்தில் வந்தாள். சிக்னல், ஸ்பீட் பிரேக்கர், வளைவு எதுவும் அன்றைக்கு அவளைத் தடுக்கவில்லை.

"முப்பத்து நாலு வருஷம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். "புடவைக் கடையில பேரம், பூக்காரியோட பேரம், என் தங்கச்சி கல்யாணத்துல பந்தல்காரரோட பேரம். தலை நிமிர முடியல எனக்கு. இந்தாங்க மேடம், பில்லு. இவ வாயே திறக்கல மேடம். இந்த மனுஷன் பத்துல ஆரம்பிச்சு, தானா ஏத்திக்கிட்டே போயி இருபத்திரண்டுக்கு வந்தாரு. நான் குக்கர் மூடியைத் தட்டித் தட்டிக் கையே வலிச்சுது."

அமிர்தம் சமையலறையில் இருந்து வெளியே வந்து நின்றுகொண்டார். அவர் கையில் மோர் இருந்தது. தனபாக்கியத்துக்கு மட்டும் கொடுத்தார்.

தமயந்தி மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பில்லைப் படித்தார். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார், ரெவின்யூ ஸ்டாம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு மேசை மேல் இருந்த காகிதத்தில் பதிமூன்றரையை அடித்துவிட்டு எழுதினார்.

"எல்.பி.ஆர். இருபத்து மூவாயிரத்து இருநூறு. டாக்குமென்ட் சரிபார்க்கப்பட்டது. இப்ப கேக்கறது இருபத்திரண்டாயிரம். ஆக, கடைசியா வாங்கின விலையைவிட ஆயிரத்து இருநூறு குறைவு." பேனாவை மூடினார். "ஃபைனான்ஸுக்கு ஆட்சேபணை இல்லை."

ஊஞ்சல் என்று ஒரு சங்கதி இருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். தனபாக்கியம் என் காலை மிதித்தாள்.

ராஜாங்கத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிளாஸ்திரிக்குக் கீழே ஒரு சூரியன் உதித்தது. "ஆயிரத்து இருநூறு கம்மியா? சோமு குடுத்ததைவிட?" டைப் செய்ததை அழித்தார். புதிதாக ஒன்றை ஒரே விரலால் தட்டி, யோசிக்காமல் அனுப்பினார்: 'அருள்மொழி. ரேட்டு எல்லோருக்கும் ஒன்றே. காண்ட்ராக்ட்ஸ் சோமசுந்தரம் கொடுத்தது 23,200. நான் பேசி முடித்தது 22,000.'

அருள்மொழி எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "பாப்பாக்கா, ஷெட்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றாள். பாப்பா போகிற போக்கில் என் பக்கத்தில் நின்று, "சார், மாவடு நல்லா இருந்துதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அருள்மொழி எல்லாவற்றையும் அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது.

முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலு மணிக்கு ராஜாங்கத்துக்குச் சர்ட்டிஃபிகேட் கிடைத்தது. அனல்மின் நிலையத்தை மட்டும் எறிய விடவில்லை, மடியில் வைத்துக்கொண்டு போனார்.

பதினொரு வீட்டில் ஒரு வீடுகூட விலகவில்லை. அதற்குப் பதில் வேறொரு வியாதி பரவியது. எல்லோருக்கும் ராஜாங்கம் கொடுத்த அதே ரேட்டு வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. டெக்னீஷியன் ஒருவர் வீடு சின்னது என்பதால் அட்டைப்படி பதினாறாயிரம்தான் வந்ததாம். "ஆபீசருக்கு இருபத்திரண்டு, எனக்கு மட்டும் என்ன பதினாறு?" என்று சண்டைக்குப் போயிருக்கிறார். அவருக்கு எப்படிப் புரிய வைத்தாளோ தெரியாது.

போன மாதம் அருள்மொழி எங்கள் வீட்டுக்குப் புது அட்டையோடு வந்தாள். ஏப்ரலில் இருந்து இருபத்து நாலாயிரம். பக்கத்துத் தெருவில் ஒருவர் குவார்ட்டர்ஸில் இருக்கும் உறவுக்காரர்களுக்காகக் கேட்ட அட்டையைக் கொடுக்க வந்தவள், எட்டிப் பார்த்திருக்கிறாள். ஊஞ்சலில் உட்கார்ந்தபடி விசாரித்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும், விலை அதிகம் என்று யாராவது ஆரம்பித்தால், 'காண்ட்ராக்ட்ஸ் சோமசுந்தரம் சாரே குடுத்தாருங்க' என்று ஒரே வரி சொல்கிறாளாம். அதோடு பேரம் முடிந்துவிடுகிறதாம்.

"மத்த வூட்டு ரேட்டைப் பேச மாட்டேன்னியே?"

"அதான் நூத்தி நாப்பது பேரு படிச்சிட்டாங்களே சார்."

நியாயம்தான். ஆனால் என் மூளைக்குள் முப்பத்து நாலு வருஷ அனுபவம் விழித்துக்கொண்டது. என் பெயரை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. பெயருக்கு ஒரு விலை உண்டில்லையா? முதுகை நிமிர்த்திக்கொண்டு, பழைய கம்பீரத்தைத் தேடி எடுத்து, "வீட்டுக்குப் பத்து பர்சென்ட்" என்றேன்.

அருள்மொழி ஒன்றும் பேசவில்லை. ஊஞ்சல் சங்கிலியைப் பார்த்தாள்.

ஊஞ்சல் கிரீச் கிரீச் என்றது. "சரி, நம்ம பக்கத்துப் பொண்ணு. அஞ்சு." சங்கிலி. "ரெண்டு பர்சென்ட். மரியாதைக்கு." சமையலறையில் குக்கர் மூடி ஒரு தடவை தட்டியது. "சரி விடு, வருஷத்துக்கு ஒரு பலாப்பழம்." சங்கிலி. "சரி, ஒண்ணும் வேணாம்."

"சரிங்க சார்" என்றாள் அருள்மொழி. "சங்கிலிக்கு எண்ண போடணும் போல இருக்குதே. எரநூத்தம்பது ஆவும்."

தனபாக்கியத்தைக் கூப்பிட்டுப் பணத்தை எடுத்துவரச் சொன்னேன். கூடவே காபியும். டபுள் ஸ்ட்ராங்காக.